பிறந்தநாளுக்குத் தேசியக் கொடி ஏற்றும் ஊர்

ஹாம்பர்க் நகரில் இரண்டு நாள் சுற்றியும் ஒரு வீட்டு வாசலில்கூடத் தேசியக் கொடியைப் பார்க்கவில்லை. வெளிநாடு போனால் மற்றவர்கள் தேவாலயம், துறைமுகம், கடைத்தெரு என்று பார்ப்பார்கள். எனக்குக் கண் முதலில் கம்பத்துக்குத்தான் போகும். கோபாலபுரத்தில் ஒரு சிறிய பள்ளியில் முப்பத்தோரு வருடம் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். சுதந்திர தினமும் குடியரசு தினமும் வந்தால் கொடி கட்டும் வேலை என்னுடையது. வேறு யாரையும் தொட விட்டதில்லை. கொடியை மடித்து, உள்ளே ரோஜா இதழ்களை வைத்து, உருவாஞ்சுருக்குப் போட்டு உச்சிக்கு ஏற்றி வைப்பேன். சிறப்பு விருந்தினர் ஒரு இழு இழுத்தால் அவிழ்ந்து பூ கொட்ட வேண்டும். ஒரு வருடம்கூடச் சிக்கியதில்லை. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

கோபன்ஹேகனில் இருக்கும் என் மகள் ஸ்டெல்லாவுக்கு ஜூன் கடைசியில் பிரசவம். தலைப்பிரசவம். அதற்காகத்தான் கிளம்பினேன். வழியில் ஹாம்பர்க்கில் என் பெரியம்மா மகள் ஜெசிந்தா இருக்கிறாள். கன்னியாஸ்திரி. முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். சாந்தோமில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவளைப் பார்க்காமல் போனால் ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவாள்.

"இந்த நாட்டுல கொடியே கெடையாதாடி?" என்று அவளிடம் கேட்டேன்.

"ஏன் இல்ல? ஃபுட்பால் வந்தா பாரு, காருக்குக் காரு சொருகிக்குவாங்க. மேட்ச் முடிஞ்சதும் மடிச்சு உள்ள வெச்சிடுவாங்க. மத்த நாள்ல வூட்டு முன்னாடி கொடி பறந்தா, அந்த ஆளு எப்படிப்பட்டவன்னு அக்கம்பக்கம் யோசிக்க ஆரம்பிச்சிடும்."

அவளுடைய இல்லத்தில் மதியச் சாப்பாடு உருளைக்கிழங்கு சூப்பும் கருப்பு ரொட்டியும். என் எதிரில் தொண்ணூறு வயதைத் தொட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று ஜெசிந்தாவிடம் விசாரித்தார். அவள் சொன்னதும் சூப்புக் கரண்டியை வைத்துவிட்டு ஜெர்மனில் மெதுவாகப் பேசினார். ஜெசிந்தா எனக்கு மாற்றிச் சொன்னாள். "நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒவ்வொரு ஜன்னலிலும் கொடி தொங்கியது. தொங்கவிடாத வீட்டின் எண்ணை எழுதிக்கொண்டு போவார்கள். ஒரு மனிதன் ஆயுளுக்குப் பார்க்க வேண்டிய கொடிகளை நான் பத்து வயதுக்குள் பார்த்துவிட்டேன்." சொல்லி முடித்து, உப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். ரொட்டி நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னபோதுதான் அவர் நெஞ்சு நிமிர்ந்தது. தங்கள் ஊரில் எத்தனை வகை ரொட்டி என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். நாட்டுப் பெருமை அந்த ஊரில் ரொட்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

அமெரிக்கா நேர் எதிர். சில வருடங்களுக்கு முன்பு என் தம்பி வீட்டுக்கு நியூ ஜெர்சி போயிருந்தேன். வாசலுக்கு வாசல் கொடி. கார் விற்கிற கடையில், படுக்கை விரிப்பு அளவுக்கு ஒன்று. அதெல்லாம் சரி, கை துடைக்கிற காகிதத்திலும் கொடி. நீச்சல் குளத்தில் ஒருவர் கொடியை அரைக்கால் சட்டையாகவே போட்டுக்கொண்டு நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நம் ஊரில் அப்படிப் போட்டால் அடுத்த தெருவுக்குப் போவதற்குள் போலீஸ் வந்துவிடும்.

மூன்றாம் நாள் ஹாம்பர்க்கிலிருந்து ரயில். எல்லையில் டென்மார்க் போலீஸ் இரண்டு பேர் ஒரு நாயோடு ஏறினார்கள். நாய் நேராக என் பெட்டியிடம் வந்து உட்கார்ந்துவிட்டது. பெட்டிக்குள் தி. நகரில் வாங்கிய சுக்கு, ஓமம், கட்டிப் பெருங்காயம், இரண்டு லிட்டர் நல்லெண்ணெய், குழந்தைக்குப் பழைய வேட்டியில் கிழித்த துணிகள். திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். பெருங்காய டப்பாவில் மூக்கை வைத்த நாய் அடுத்தடுத்து நாலு தும்மல் போட்டுவிட்டுப் பின்வாங்கியது. "இது என்ன?" என்று கேட்ட போலீஸ்காரப் பெண்ணிடம், மகளுக்குப் பிரசவம், வயிற்றுக்கு மருந்து என்று வயிற்றைத் தடவிக் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. "எனக்கும் போன வருடம்தான் குழந்தை பிறந்தது" என்று சொல்லி, நான் அடுக்கியதைவிட ஒழுங்காக அடுக்கிப் பெட்டியை மூடிக் கொடுத்தாள்.

கோபன்ஹேகன் நிலையத்தில் இறங்கினால் என் மருமகன் கார்த்திக் இரண்டு கைகளிலும் காகிதக் கொடி வைத்து ஆட்டிக்கொண்டு நிற்கிறான். சிவப்பில் வெள்ளைச் சிலுவை. டென்மார்க் கொடி. மயிலாப்பூர் மாட வீதியில் வளர்ந்த பையன்.

"வாங்கோ அத்தை! பிரயாணம் சௌகரியமா இருந்துதா?"

"என்னப்பா இது? நான் என்ன மந்திரியா?"

"இங்க இப்படித்தான் அத்தை. ஏர்போர்ட்ல பாக்கணும் நீங்க. தாத்தா பாட்டி வந்தாலும் கொடி, படிக்கப் போன பொண்ணு லீவுக்கு வந்தாலும் கொடி. யார் வந்தாலும் ஆட்டிண்டு நிப்பா."

அடுத்த இரண்டு நாளில் நான் கண்ட இடமெல்லாம் அந்தக் கொடிதான். வெண்ணெய்ப் பொட்டலத்தில், வெள்ளரிக்காய் சுற்றிய காகிதத்தில், கடையில் கேக் மேல் பல்குத்திக் குச்சியில். கிறிஸ்துமஸ் மரத்துக்கே சின்னக் கொடிகளைச் சரமாகக் கோத்துச் சுற்றுவார்களாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. கேக்கைச் சாப்பிட்ட பிறகு அந்தக் கொடியை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். குப்பையில்தான் என்றாள் ஸ்டெல்லா. ஒன்பது மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவளிடம் கோபப்படக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால் நம்மிடமும் கொடிக்குக் குறைவில்லை. எங்கள் மந்தைவெளி முனையில் ஐந்து கட்சிக் கம்பம் வரிசையாக நிற்கிறது. கபாலீசுவரர் கோயிலில் கொடியேற்றம் என்றால் பங்குனித் திருவிழா தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பெசன்ட் நகர் மாதா கோயிலில் ஆகஸ்டு கடைசியில் கொடியேறும்போது நிற்க இடம் கிடைக்காது. ஆனால் மூவர்ணக் கொடி மட்டும் தனி. அதற்கு இரண்டு நாள், அட்டென்ஷன், முதுகு நேராக. மற்ற நாளில் பீரோவுக்குள்.

கோபன்ஹேகன் வந்த நாலாம் நாள் காலையில் ஓமவாட்டருக்குப் பாட்டில் வாங்கக் கிளம்பி, எதிர்த்திசைப் பேருந்தில் ஏறிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். எண் சரி, பக்கம் தப்பு. தெரியாத தெருவில் பேருந்து சட்டென்று நின்றது. முன்னால் ஒரு லாரி. பச்சை இலை கட்டி, கொடி கட்டி, மேலே வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகள் கத்திக்கொண்டும் குதித்துக்கொண்டும் நின்றார்கள். எனக்கு மயிலாப்பூர் தேர்தல் பிரச்சாரம் நினைவுக்கு வந்தது. யாருக்கு ஓட்டுக் கேட்கிறார்கள் என்று பக்கத்து அம்மாளிடம் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளாம். ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் லாரி நிற்கும், அந்த வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் தின்னக் கொடுப்பார்கள். எங்கள் பேருந்து ஓட்டுநரும் விடாமல் ஹாரன் அடித்து வாழ்த்தினார். அரை மணி நேரம் நகரவில்லை. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்தால் அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்ட ஓடுகிறார்கள். அந்த லாரியைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஸ்டெல்லாவின் குடியிருப்பு நாலு மாடி, நடுவில் புல்வெளி முற்றம், முற்றத்தில் வெள்ளைக் கம்பம். ஐந்தாம் நாள் காலை மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், யாரோ அந்தக் கம்பத்தில் கொடி ஏற்றுகிறார்கள். ஏற்றுகிறவருக்கு எழுபது வயதிருக்கும். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடது கையால் கயிற்றை இழுக்கிறார். பக்கத்தில் நிற்கும் இளம் பெண்ணுக்குக் கொடியைப் பிடிக்கத் தெரியவில்லை. ஒரு முனை புல்லைத் தொடப் போகிறது.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடி, அந்த முனையைத் தாங்கிப் பிடித்தேன். கொடி மேலே போய் விரிந்தது.

"நன்றி" என்றார் பெரியவர் ஆங்கிலத்தில். "தரையில் பட்டிருந்தால் எரித்துவிட வேண்டும் என்பார்கள் எங்கள் ஆட்கள்."

"எங்கள் கொடியும் தரையில் படக் கூடாது" என்றேன். "இன்று என்ன விசேஷம்? ராஜாவுக்குப் பிறந்தநாளா?"

"பதினாலாம் எண் வீட்டுப் பெண்ணுக்கு. ஆறு வயது."

ஒரு ஆறு வயதுச் சிறுமிக்குத் தேசியக் கொடி! இரண்டு பேருடைய உடைந்த ஆங்கிலத்திலும் எப்படியோ பேசினோம். அவர் பெயர் ஏரிக். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பில் யாருக்குப் பிறந்தநாள், யாருக்குத் திருமணநாள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். அன்றைக்குக் கொடி ஏற்றுவது அவர் பொறுப்பு. கூட நின்ற பெண் மெட்டே, குடியிருப்புச் சங்கத் தலைவி. கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு கீழ் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்திருந்தவர் ஏரிக்கின் மனைவி பிர்கித். ஜூன் மாதத்தில் கம்பளி. முகத்தைப் பார்த்ததுமே நோய் என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் பிரசவம் என்று கேட்டதும் ஏரிக், "குழந்தை வீட்டுக்கு வருகிற அன்று கொடி ஏற்றுகிறேன்" என்றார். "பெண்ணென்றால் முதலில் எனக்குத்தான் காட்ட வேண்டும்" என்றார் பிர்கித், பால்கனியிலிருந்து.

மாடிக்கு வந்ததும் ஸ்டெல்லா சிரித்தாள். "என்னம்மா, அந்நிய நாட்டுக் கொடிய ஏத்திட்டு வர?"

"துணியப் புடிச்சேன். கயித்தத் தொடல" என்றேன்.

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அம்மா, ஒண்ணு சொல்லணும். நானும் கார்த்திக்கும் இந்த நாட்டுக் குடியுரிமைக்குப் பேப்பர் போட்டிருக்கோம்."

இந்தியாவில் இரண்டு குடியுரிமை வைத்துக்கொள்ள முடியாது. அது வந்தால் இது போகும். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது, அதைத் துடைத்தேன். "நான் மார்ச் பாஸ்ட் சொல்லிக் குடுத்த எண்ணூறு புள்ளைங்கள்ல நீயும் ஒருத்திடி" என்று மட்டும் சொன்னேன். அது அவளுக்கு நன்றாகவே சுட்டது. அன்று முழுவதும் இருவரும் அளவாகத்தான் பேசினோம்.

என் கணவர் ஆரோக்கியம் சென்னையில். அவரிடம் அவளே ஃபோனில் சொன்னாள். "சரி" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் ஸ்டெல்லா கூப்பிட்டால் எடுக்கவில்லை. என்னிடம் மட்டும் பேசினார்.

எட்டாம் நாள் மாலை வலி எடுத்தது. குழந்தை பிறக்க மறுநாள் மதியம் ஆகிவிட்டது. நடுவில் ஒரு முறை குழந்தையின் நாடித்துடிப்பு இறங்கி, அறைக்குள் ஐந்தாறு பேர் ஓடி வந்தார்கள். நான் சுவரோரம் நின்று ஜெபமாலையை உருட்டினேன். கார்த்திக் என் இன்னொரு கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தான். கடைசியில் அழுகைச் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. அமலா என்று முன்பே முடிவு செய்திருந்தோம், எங்கள் பக்கமும் ஒத்துக்கொள்ளும், கார்த்திக் பக்கமும் ஒத்துக்கொள்ளும்.

ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் ஒரு தட்டு கொண்டுவந்தாள். சுட்ட ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆரஞ்சுச் சாறு. நடுவில் மரப் பீடத்தில் ஒரு சின்ன டென்மார்க் கொடி.

எனக்குச் சுருக்கென்றது. பிறந்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது, அதற்குள் கொடி நட்டுவிட்டார்களா? "இது இந்தியக் குழந்தை" என்றேன் நர்ஸிடம், வகுப்பில் பேசுகிற குரலில்.

அவள் கோபப்படவில்லை. "ஆமாம். இது நாட்டுக்காக வைத்ததில்லை. இன்று அவளுக்குப் பிறந்தநாள், அதற்காக" என்றாள்.

ஸ்டெல்லா அந்த ரொட்டியை இரண்டு நிமிடத்தில் தின்று தீர்த்தாள். நான் கொடியை எடுத்து ஜன்னல் ஓரமாக வைத்தேன். குப்பையில் போட மனசு வரவில்லை.

பிறந்த மூன்றாம் நாள் குழந்தையோடு வீட்டுக்கு வந்தோம். டாக்சியிலிருந்து இறங்கியதும் ஏரிக் சொன்ன கொடி பறக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். கொடி இருந்தது. ஆனால் கம்பத்தின் பாதியில், கம்பத்தைச் சுற்றிக்கொண்டு, ஈரத் துணிபோலக் கிடந்தது. கீழே மெட்டே கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கன்னமெல்லாம் கண்ணீர். சற்றுத் தள்ளி ஏரிக், மாவுக்கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மேலே பார்த்தபடி நின்றார். பால்கனி நாற்காலியில் சால்வை மட்டும் கிடந்தது.

அன்று விடியற்காலையில் பிர்கித் இறந்துவிட்டார்.

குடியிருப்பில் யார் இறந்தாலும் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது அவர்கள் வழக்கம். எத்தனையோ பேருக்கு ஏரிக்கின் கை செய்த வேலை. இன்று அவர் மனைவிக்குச் செய்ய அவர் கை உதவவில்லை.

நான் பையைக் கீழே போட்டேன். மெட்டேயிடமிருந்து கயிற்றை வாங்கினேன். கொடியை முழுக்க இறக்கி, சுற்றிக்கொண்டதை நீக்கி, சிக்கலை அவிழ்த்து, முதலில் உச்சி வரை ஏற்றினேன். உச்சியில் ஒரு கணம் நிறுத்திவிட்டு, மெதுவாகப் பாதிக்கு இறக்கினேன்.

"ஏன் மேலே வரை?" என்று மெட்டே கேட்டாள்.

"அவருக்குத் தெரியும்" என்றார் ஏரிக். அரைக்கம்பத்துக்கு இறங்கும் கொடி முதலில் உச்சியைத் தொட வேண்டும், எங்கள் ஊரிலும் அதுதான் முறை.

கயிற்றைக் கொண்டியில் கட்டி முடித்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். இந்த முறை துணியைப் பிடித்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கார்த்திக் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். அரை மணி நேரத்தில் ஆரோக்கியத்தின் ஃபோன்.

"பிலோ, இன்னா காரியம் பண்ணிகீற நீ? பொண்ணு பேப்பர் போட்டுச்சு. நீ கொடியே ஏத்திட்ட. குடும்பத்தோட கட்சி மாறிட்டீங்களா?"

"என்னங்க, கீழ் வீட்டம்மா செத்துட்டாங்க. அந்த மனுசனுக்குக் கை ஒடிஞ்சு கெடக்கு..."

"அந்த ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

மறுநாள் ஏரிக் கதவைத் தட்டினார். கையில் ஒரு கேக் டப்பா. அடுத்த வாரம் அடக்கம். காலையில் கொடியை அரைக்கம்பத்துக்கு ஏற்ற வேண்டும். கல்லறையில் எல்லாம் முடிந்ததும் உச்சிக்கு உயர்த்திவிட வேண்டும். அதுதான் முறை. "எல்லாரும் தேவாலயத்துக்கு வந்துவிடுவார்கள். கம்பத்துக்கு ஆள் வேண்டும். முறை தெரிந்த ஆள். நீங்கள் வேறு நாட்டுக்காரர். முடியாது என்று சொன்னால் எனக்கு வருத்தமில்லை" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முதல் முறை கை தானாகச் செய்துவிட்டது. இது அப்படியில்லை. தெரிந்தே, நாள் குறித்து, இன்னொரு நாட்டுக் கொடியின் கயிற்றைப் பிடிக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு முன்னால் மகளை ஒரு வார்த்தையால் சுட்டவள் நான். எந்த முகத்தோடு போய்ப் பிடிப்பது?

"நீ செய்யலன்னா பரவால்லம்மா. அவரு புரிஞ்சுக்குவாரு" என்றாள் ஸ்டெல்லா, குழந்தைக்குப் பால் கொடுத்தபடி.

எங்கள் சாந்தோம் தெருவில் யாராவது இறந்தால் கோயில் மணி அடிப்பார்கள். ஒற்றை ஒற்றையாக. கேட்டதும் அம்மா சமையலை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவாள். நாலு வீடு தள்ளியிருந்த இந்துக் குடும்பமும் வாசலுக்கு வரும். யாருக்கு என்றுதான் கேட்பார்கள். அடித்தவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. இந்த முற்றத்தில் அந்த மணிக்குப் பதில் கொடி. அவ்வளவுதான் விஷயம். இது புரிந்ததும் எனக்கு அப்புறம் குழப்பமே இல்லை. கீழே போய் ஏரிக்கிடம் சரி என்றேன்.

அடக்கத்தன்று காலை எட்டு மணிக்குச் சுதந்திர தினத்துக்குக் கட்டுவதுபோல வெள்ளைப் பருத்திப் புடவையை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு இறங்கினேன். முற்றத்தில் எல்லாரும் கருப்பு உடையில். நான் மட்டும் வெள்ளை. உச்சி வரை ஏற்றிப் பாதிக்கு இறக்கினேன். பதினாலாம் எண் வீட்டுச் சிறுமி என் பக்கத்தில் வந்து என்னைப் போலவே கையை உடம்போடு ஒட்டி நின்றாள். பிறகு எல்லாரும் கார்களில் ஏறிப் போனார்கள்.

இரண்டு மணி நேரம் முற்றத்துப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா ஜன்னலிலிருந்து அவ்வப்போது எட்டிப் பார்த்தாள். மெட்டேயிடமிருந்து ஃபோன் வந்தது. "முடிந்தது."

எழுந்து கயிற்றை அவிழ்த்து இழுத்தேன். கொடி மீதிப் பாதியையும் ஏறி உச்சியைத் தொட்டதும் கடல் பக்கமிருந்து காற்று வந்தது. படபடவென்று அடித்துக்கொண்டது. நான் சல்யூட் அடிக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் நேராக நின்றேன்.

கல்லறையிலிருந்து திரும்பிய ஏரிக் காரிலிருந்து இறங்கியதும் அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். "பிர்கித்துக்கானது முடிந்துவிட்டது. சூரியன் மறைகிற வரை இது அந்தக் குழந்தைக்கு. பிர்கித் கடைசி வாரத்தில் இரண்டு தடவை கேட்டாள், குழந்தை வந்துவிட்டதா, கொடி ஏற்றினாயா என்று."

ஸ்டெல்லாவைக் கீழே வரச் சொல்லிக் குரல் கொடுத்தேன். அவள் அமலாவை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். ஏரிக் நல்ல கையால் குழந்தையின் நெற்றியைத் தொட்டார். கருப்பு உடைக்காரர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். அழுத முகத்தோடு சிரித்தார்கள். யாரோ காபி கொண்டுவந்தார்கள். துக்க வீட்டுக் காபியும் குழந்தை பார்க்க வந்தவர்களுக்கான காபியும் ஒன்றாகவே ஆயின.

அன்று மாலை குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா கேட்டாள். "அம்மா, இன்னும் கோவமா?"

"கோவம் இல்ல. வருத்தம் கீது. அது என் வருத்தம், இருந்துட்டுப் போவட்டும். நீ பேப்பர வாபஸ் வாங்க வேணாம்."

அவள் ஈரக் கையோடு என் தோளில் சாய்ந்துகொண்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

ஆகஸ்டு முதல் வாரம் சென்னைக்குத் திரும்பினேன். முற்பகலில் விமானம் இறங்கியது. ஆரோக்கியம் வெளியே நின்றிருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார், முகம் கொடுக்கவில்லை. டாக்சி கிண்டியைத் தாண்டியது. சிக்னலில் ஒருவர் சுதந்திர தினத்துக்குக் காகிதக் கொடி விற்றுக்கொண்டு வந்தார். அதைப் பார்த்ததும் இவர் ஆரம்பித்தார்.

"ரெண்டாவது தபாவும் ஏத்துனியாமே. வெள்ளப் பொடவ கட்டிகினு."

"ஆமா. ஏத்தினேன்."

"முப்பது வருசம் நம்ம கொடிய கட்டுன கையி அது."

"அதே கைதாங்க. சாவு வூட்டுக்குப் போய் ஒரு ஒத்தாசை பண்ணிட்டு வந்தேன். அதுக்குப் பாஸ்போர்ட்டு கேப்பாங்களா? அந்த மனுசன் பொண்டாட்டிக்கு அவரு செய்ய முடியல, நான் செஞ்சேன். நாளைக்கே கேட்டாலும் செய்வேன்."

முன்னால் டாக்சி ஓட்டுநர் கண்ணாடியில் எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு ரேடியோவைக் குறைத்தார். ஆரோக்கியம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அடையாறு பாலம் ஏறினோம். கடல் காற்று உள்ளே வந்தது. நான் ஃபோனை எடுத்து அமலாவின் படத்தைத் திறந்து இருக்கையில் அவர் பக்கமாக வைத்தேன். எடுக்கவில்லை. ஆனால் கண் போனது. ராஜா அண்ணாமலைபுரம் வந்தபோது ஃபோன் அவர் கையில் இருந்தது.

"மூக்கு ஸ்டெல்லாவோடது" என்றார்.

"ஆமா."

"ரொம்ப அழுவுதா?"

"பசிச்சா மட்டும். அப்போ அந்தக் குடியிருப்புக்கே கேக்கும்."

மந்தைவெளியில் வண்டி நின்றது. நான் இறங்கிப் பெட்டியை எடுக்கப் போனேன். அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"அங்க இப்ப மணி இன்னா கீது?"

"காலைல ஒம்போது இருக்கும்."

"முழிச்சிகினு இருப்பாளா?"

நான் பதில் சொல்வதற்குள் என் ஃபோனிலிருந்தே கூப்பிட்டுவிட்டார். மணி அடித்தது. என் எண்ணைப் பார்த்து எடுத்த ஸ்டெல்லா, "அம்மா, வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டியா?" என்றாள்.

"நான் அப்பா பேசறேன்" என்றார் ஆரோக்கியம். "கொழந்தைய ஃபோனுகிட்ட வெய்யி."